ஆக்டிவா, பாசிவா? பேங்க் கேக்குற அந்த ஒரு டிக்: கடையநல்லூர் கடையிலிருந்து சிங்கப்பூர் வரை



சென்னையிலயோ பெங்களூர்லயோ வேலை பாக்குறீங்க. மாசச் சம்பளம், ஃபார்ம் 16, ஐடிஆர், இது வரைக்கும் உங்களுக்கு அத்துப்படி. திடீர்னு ஒருநாள் ஊர்ல இருந்து அப்பா வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்ம் அனுப்புவாங்க. "பேங்க்ல கேக்காங்க, என்னன்னு பாருப்பா". திறந்து பாத்தா பேர், பான் எல்லாம் சரி. நடுவுல ஒரு கேள்வி: உங்க நிறுவனம் ஆக்டிவ் என்எஃப்இ-யா, பாசிவ் என்எஃப்இ-யா?

வீட்ல படிச்ச பிள்ளைன்னு உங்ககிட்ட வர்ற இந்த ஃபார்ம்ல நிறைய பேர் யோசிக்காம "ஆக்டிவ்"னு டிக் அடிச்சுட்டுப் போயிடுறாங்க. காரணம் ரொம்ப எளிமை: கடை ஓடிட்டுத்தானே இருக்கு! ஆனா இங்க ஆக்டிவ்ங்கற சொல்லுக்கு அர்த்தம் வேற. அந்த ஒரு டிக்கை வச்சுத்தான் உங்க குடும்பத்துல வெளிநாட்டுல இருக்கிறவரோட விவரம் அந்த நாட்டு வரித்துறைக்குப் போகணுமா வேண்டாமான்னு முடிவாகும். வீடியோல வேகமா சொல்லிட்டுப் போன விஷயத்தை இங்க எண்களோட நிதானமா பாப்போம்.

கடையநல்லூரை ஏன் உதாரணமா எடுக்கறேன்?

தென்காசி மாவட்டத்துல மேற்குத் தொடர்ச்சி மலை அடிவாரத்துல இருக்கிற ஊர். நெசவுக்குப் பேர் போனது. அதைவிட, கடல் தாண்டிப் போன மக்களுக்குப் பேர் போனது. மலேயா, சிங்கப்பூர்னு போனவங்க அங்க வேர் விட்டாங்க. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் 1941-லயே தொடங்கின அமைப்பு. 1946-ல உமறுப்புலவர் தமிழ்ப் பள்ளியை அங்க ஆரம்பிச்சதும் அவங்கதான். பிறகு வளைகுடா வந்துச்சு, இப்போ ஐடி வழியா அமெரிக்காவும் சேர்ந்தாச்சு.

இதனால ஊர்ல ஒரு அமைப்பு ரொம்ப சகஜம். கடை இங்க, பார்ட்னர்ல ஒருத்தர் சிங்கப்பூர்ல. கட்டடம் இங்க, கம்பெனி ஷேர் வச்சிருக்கிற மச்சான் துபாய்ல. கல்வி உதவி டிரஸ்ட் இங்க, டிரஸ்டி ஒருத்தர் கோலாலம்பூர்ல. புளியங்குடி எலுமிச்சை வியாபாரத்துக்கும் சங்கரன்கோவில் விசைத்தறிக்கும் இதே கதைதான். நீங்க எந்த ஊரா இருந்தாலும், குடும்பத்துல ஒருத்தர் வெளிநாட்டுல இருந்து, ஊர் நிறுவனத்துல அவருக்குப் பங்கும் இருந்தா, இந்தக் கட்டுரை உங்களுக்கானது.

இந்தக் கேள்வி எங்க இருந்து வந்துச்சு?

2009-ல சுவிட்சர்லாந்தின் யுபிஎஸ் வங்கி, அமெரிக்கர்கள் வரி ஏய்க்க உதவின வழக்குல 78 கோடி டாலர் கட்டி சமரசம் பண்ணிக்கிச்சு. அடுத்த வருஷம், 2010-ல, அமெரிக்கா ஃபாட்கா சட்டத்தைக் கொண்டு வந்துச்சு. உலகத்துல எந்த நாட்டு வங்கியா இருந்தாலும் அமெரிக்கர்களோட அக்கவுண்ட் விவரத்தைக் கொடுக்கணும், இல்லைன்னா அந்த வங்கிக்கு அமெரிக்காவுல இருந்து வர்ற சில வருமானத்துல 30 சதவீதம் பிடிச்சுக்குவோம்னு சொல்லிச்சு.

இந்தியா 2015 ஜூலை 9-ல அமெரிக்காவோட ஒப்பந்தம் போட்டுச்சு. அதே வருஷம் ஜூன் 3-ல, பல நாடுகள் ஒருத்தருக்கொருத்தர் விவரம் பரிமாறிக்கிற சிஆர்எஸ் ஏற்பாட்டுலயும் கையெழுத்து போட்டாச்சு. சிங்கப்பூர், மலேசியா, ஐக்கிய அரபு அமீரகம், சவுதி எல்லாமே இந்த சிஆர்எஸ் வளையத்துக்குள்ள இருக்கிற நாடுகள்தான்.

நம்ம ஊர்ல இதுக்கான சட்ட அடிப்படை, 1961 வருமான வரிச் சட்டத்தின் 285பிஏ பிரிவும், 114எஃப், 114ஜி, 114எச் விதிகளும். 2025-ம் வருஷப் புதுச் சட்டம் 1 ஏப்ரல் 2026-ல இருந்துங்கறதால, பிரிவு எண்கள் மாறிடும். ஆனா ஒப்பந்தங்கள் அப்படியே இருக்கிறதால பேங்க் கேக்குற கேள்வி மாறாது.

நடைமுறை இதுதான்: பேங்க், மியூச்சுவல் ஃபண்ட், இன்ஷூரன்ஸ் கம்பெனி எல்லாம் ஒவ்வொரு காலண்டர் வருஷத்துக்கும் தகவல் தர வேண்டிய அக்கவுண்ட்களோட பட்டியலை அடுத்த மே 31-க்குள்ள வருமான வரித்துறைக்குத் தரணும். அங்க இருந்து அந்தந்த நாட்டுக்குப் போகும்.

முதல் கேள்வி: நீங்க "நிறுவனமா"?

ஆக்டிவா பாசிவான்னு யோசிக்கிறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க.

அப்பா பேர்ல தனி உரிமையாளரா நடத்துற கடைன்னா, அது இந்த விதிப்படி தனி நிறுவனமே கிடையாது. அப்பாவோட தனிப்பட்ட அக்கவுண்ட் மாதிரிதான். ஆக்டிவ், பாசிவ் கேள்வியே வராது. அவர் எந்த நாட்டுல வரி ரெசிடென்ட்னு மட்டும் பாப்பாங்க.

பார்ட்னர்ஷிப், எல்எல்பி, பிரைவேட் லிமிடெட், டிரஸ்ட், சங்கம்: இவையெல்லாம் நிறுவனம்.

அடுத்து, அந்த நிறுவனம் நிதி நிறுவனமா? டெபாசிட் வாங்குறது, வாடிக்கையாளர் பணத்தை முதலீடு செஞ்சு நிர்வகிக்கிறது, இதெல்லாம் தொழிலா இருந்தா அது வேற பாதை. மத்ததெல்லாம் "நிதி அல்லாத நிறுவனம்". அதைத்தான் ஃபார்ம்ல என்எஃப்இ-ன்னு சுருக்கமா போட்டிருப்பாங்க.

ஒரு சின்ன எச்சரிக்கை. கம்பெனி விவகாரத்துறை இணையதளத்துல உங்க கம்பெனிக்கு நேரா "ஆக்டிவ்"னு இருக்கும். ஜிஎஸ்டி தளத்துலயும் "ஆக்டிவ்"னு இருக்கும். அது பதிவு உயிரோட இருக்குங்கறதுக்கான அடையாளம். இந்த ஃபார்ம்ல இருக்கிற ஆக்டிவுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை.

இரண்டு 50 சதவீதம்

ஆக்டிவ் ஆகறதுக்குப் பல வழிகள் இருக்கு. சாதாரண தொழிலுக்கு உள்ள வழி இது: முந்தைய நிதியாண்டுல,

1. மொத்த வருமானத்துல பாசிவ் வருமானம் 50 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும்.
2. மொத்த சொத்துல, பாசிவ் வருமானம் தர்ற சொத்தும் 50 சதவீதத்துக்குக் கீழ இருக்கணும்.

ரெண்டுமே பாஸ் ஆகணும். ஒண்ணு மட்டும் பத்தாது. இந்த வழியிலயும் வரலை, மத்த வழிகள்லயும் வரலைன்னா, அந்த நிறுவனம் பாசிவ்.

பாசிவ் வருமானம்னா என்ன? டிவிடெண்ட், வட்டி, வாடகை, ராயல்டி, ஆனுவிட்டி, ஷேர் மாதிரியான நிதிச் சொத்து வித்த லாபம். சுருக்கமா, பணமோ சொத்தோ சும்மா இருந்து சம்பாதிக்கிறது. வாடகைக்கு ஒரு விதிவிலக்கு: நிறுவனம் தன்னோட ஊழியர்களை வச்சு, அதையே ஒரு தொழிலா நடத்தி வர்ற வாடகை பாசிவ் கணக்குல வராது.

எண்களோட பாப்போம். இது கற்பனைக் கடைதான், ஆனா இப்படி ஒரு கடை உங்க தெருவுலயே இருக்கும்.

கடையநல்லூர் மெயின் ரோட்ல ஒரு ஜவுளிக்கடை. அப்பாவும் சிங்கப்பூர்ல இருக்கிற அண்ணனும் பார்ட்னர்கள். அண்ணனுக்கு 20 சதவீதம் பங்கு. போன நிதியாண்டுல விற்பனை 90 லட்சம், மேல் மாடி வாடகை 3.6 லட்சம், எஃப்டி வட்டி 2.1 லட்சம்.

பாசிவ் வருமானம் 5.7 லட்சம். மொத்தம் 95.7 லட்சம். அதாவது 6 சதவீதத்துக்கும் கீழ. கொள்முதல் செலவைக் கழிச்சு 18 லட்சம் மொத்த லாபத்தை வச்சுக் கணக்குப் போட்டாலும் 24 சதவீதம்தான். பாஸ்.

சொத்து: சரக்கு 30 லட்சம், கடை நடக்கிற கட்டடப் பகுதி 40 லட்சம், வரவேண்டிய பாக்கி 5 லட்சம். இது தொழில் சொத்து, 75 லட்சம். வாடகைக்கு விட்ட மாடி 15 லட்சம், எஃப்டி 30 லட்சம். இது பாசிவ் சொத்து, 45 லட்சம். மொத்தம் 120 லட்சத்துல 37.5 சதவீதம். இதுலயும் பாஸ். கடை ஆக்டிவ்.

ரெண்டு வருஷம் ஓடுது. அப்பாவுக்கு வயசாயிடுச்சு, வியாபாரத்தைச் சுருக்கிட்டாங்க. நடுவுல கடை பேர்ல இருந்த ஒரு நிலத்தை வித்து 1 கோடியை எஃப்டி-ல போட்டாச்சு. இப்போ கணக்கு: விற்பனை 20 லட்சம், எஃப்டி 130 லட்சத்துக்கு வட்டி 9.1 லட்சம், மாடி வாடகை 3.6 லட்சம்.

விற்பனையை வச்சுப் பாத்தா பாசிவ் வருமானம் 12.7 லட்சம், மொத்தம் 32.7 லட்சம், கிட்டத்தட்ட 39 சதவீதம். முதல் சோதனையில பாஸ்னுதான் தோணும். ஆனா சொத்தைப் பாருங்க. சரக்கு 10, கடைப்பகுதி 40, ஆக தொழில் சொத்து 50 லட்சம். மாடி 15, எஃப்டி 130, ஆக பாசிவ் சொத்து 145 லட்சம். மொத்தம் 195-ல 145, அதாவது 74 சதவீதம். ஃபெயில்.

தினமும் காலையில ஷட்டர் திறக்குது, கல்லாவுல காசு விழுது, ஜிஎஸ்டி கட்டுறாங்க. ஆனாலும் இந்தக் கடை இப்போ பாசிவ். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி கொடுத்த "ஆக்டிவ்" டிக்ளரேஷன் பேங்க்ல அப்படியே கிடக்குது. நிலைமை மாறினா புது டிக்ளரேஷன் கொடுக்கறது உங்க பொறுப்பு. அந்த ஃபார்ம்லயே கடைசியில சின்ன எழுத்துல இதுக்கு உறுதிமொழி வாங்கியிருப்பாங்க.

காத்தாடிக்கும் இதே கணக்கு

செங்கோட்டைக் கணவாய்க் காத்து வீசுற பகுதி நம்மது. காத்தாலைகளைப் பாக்காம பஸ்ல போக முடியாது. ரெண்டு விதமான குடும்ப நிறுவனங்களை நினைச்சுக்கோங்க.

முதல் கம்பெனி சொந்தமா ஒரு காத்தாலை வச்சு மின்சாரத்தை விக்குது. அது பொருள் வித்து வர்ற தொழில் வருமானம். ஆக்டிவ் பக்கம்.

ரெண்டாவது கம்பெனிகிட்ட நிலம் மட்டும்தான். காத்தாலைக்காரங்களுக்குக் குத்தகைக்கு விட்டு வருஷா வருஷம் வாடகை வாங்குது. ஊழியர் யாரும் இல்லை. பாசிவ்.

ரெண்டும் ஒரே காத்து, ஒரே பொட்டல்காடு. ஆனா டிக் வேற வேற.

பாசிவ்னா தப்பா? வரி கூடுமா?

இல்லை. பாசிவ்னு டிக் அடிச்சதுக்காக ஒரு ரூபாய்கூட வரி கூடாது. கடையோட வருமான வரிக் கணக்கு வழக்கம்போலத்தான். வித்தியாசம் ஒண்ணே ஒண்ணு: ஆக்டிவ்னா பேங்க் நிறுவனத்தோட கதவு வரைக்கும்தான் பாக்கும். நிறுவனம் இந்தியாவுல இருக்கு, சரின்னு போயிடும். பாசிவ்னா கதவைத் திறந்து உள்ள யார் இருக்காங்கன்னு பாக்கும்.

அப்படி உள்ள இருக்கிறவங்களை "கட்டுப்படுத்தும் நபர்"னு சொல்வாங்க. கம்பெனியிலும் பார்ட்னர்ஷிப்லயும் 10 சதவீதத்துக்கு மேல பங்கு இருக்கிறவங்க வருவாங்க. கம்பெனிக்கு இது முன்னாடி 25 சதவீதமா இருந்துச்சு, 2023-ல பணமோசடித் தடுப்பு விதிகளைத் திருத்தி 10 ஆக்கிட்டாங்க. பார்ட்னர்ஷிப்புக்கு 15-ல இருந்து 10. அப்போ கணக்குல வராத மச்சான் இப்போ வருவார்.

அந்த நபர்கள் எல்லாருமே இந்தியாவுல மட்டும் வரி ரெசிடென்ட்னா, வெளிநாட்டுக்கு எதுவும் போகாது. கதை முடிஞ்சுது. யாராவது ஒருத்தர் வெளிநாட்டு ரெசிடென்ட்னாதான் விவரம் போகும். பேர், முகவரி, அந்த நாட்டு வரி எண், பிறந்த தேதி, அக்கவுண்ட் நம்பர், டிசம்பர் 31 இருப்பு, வட்டி எல்லாம்.

இங்கதான் பலரும் அதிர்ச்சி ஆகிற விஷயம் இருக்கு. அண்ணனுக்கு 20 சதவீதம்தான் பங்கு. ஆனா ரிப்போர்ட்ல அவர் பேருக்கு நேரா 20 சதவீதம் போகாது, அந்த அக்கவுண்ட்ல இருக்கிற முழு இருப்பும் போகும். 130 லட்சம் எஃப்டி-ன்னா 130 லட்சமும். நாளைக்கு அந்த நாட்டு வரித்துறை கேட்டா, "எனக்கு இவ்வளவுதான் பங்கு"ன்னு காட்ட பார்ட்னர்ஷிப் பத்திரம் அவர் கையில இருக்கணும்.

சிங்கப்பூர் அண்ணனுக்கு இதனால பெரிய பயம் இல்லை. அங்க தனிநபருக்கு வெளிநாட்டுல இருந்து வர்ற வருமானத்துக்குப் பொதுவா வரி கிடையாது. துபாய் மச்சானுக்குத் தனிநபர் வருமான வரியே இல்லை. ஆனா அக்கா அமெரிக்காவுல கிரீன் கார்டோட இருக்காங்கன்னா விஷயமே வேற. அவங்க உலகம் முழுக்க வர்ற வருமானத்தை அங்க காட்டணும். வெளிநாட்டு அக்கவுண்ட்கள்ல மொத்த இருப்பு வருஷத்துல எப்பவாவது 10,000 டாலரைத் தாண்டினா எஃப்பார் தாக்கல் பண்ணணும். கடை அக்கவுண்ட்ல கையெழுத்துப் போடுற உரிமை மட்டும் இருந்தாலே இது பொருந்தும். "நான் செக்ல கையெழுத்து போட்டதே இல்லையே"ன்னு சொன்னா எடுபடாது, உரிமை இருந்தா போதும்.

அதனால ஊர்ல நீங்க டிக் அடிக்கிறதுக்கு முன்னாடி அக்காவுக்கு ஒரு போன் போட்டுச் சொல்லுங்க. அவங்க அங்க காட்டாம இருந்து, இங்க இருந்து விவரம் தனியா போய்ச் சேர்ந்தா, சிக்கல் அவங்களுக்குத்தான்.

தப்பா டிக் அடிச்சா?

பேங்க் தப்பான அறிக்கை கொடுத்தா அதுக்கு 50,000 ரூபாய் அபராதம் உண்டு. 2023 நிதிச் சட்டம் இன்னொண்ணையும் சேர்த்துச்சு: அக்கவுண்ட் வச்சிருக்கிறவர் கொடுத்த தப்பான தகவலால அறிக்கை தப்பானா, ஒவ்வொரு அக்கவுண்ட்டுக்கும் 5,000 ரூபாய். அதை பேங்க் உங்ககிட்ட இருந்தே வசூலிச்சுக்கலாம்.

5,000 பெரிய தொகை இல்லைதான். அதைவிட வலிக்கிறது அக்கவுண்ட் முடங்கறது. 2017-ல இதைப் பாத்தோம். 2014 ஜூலை 1-ல இருந்து 2015 ஆகஸ்ட் 31 வரைக்கும் திறந்த அக்கவுண்ட்களுக்கு, 2017 ஏப்ரல் 30-க்குள்ள இந்த டிக்ளரேஷன் வரலைன்னா பரிவர்த்தனையை நிறுத்தச் சொல்லி உத்தரவு. சம்பளம் போட வேண்டிய நாள்ல கடை அக்கவுண்ட் நின்னா என்ன ஆகும்னு யோசிங்க. புது அக்கவுண்ட்டுக்கோ இந்த டிக்ளரேஷன் இல்லாம திறக்கவே மாட்டாங்க.

டிரஸ்ட்: இங்கதான் தலைகீழ்

கடைக்காரங்க பாசிவா இருந்துட்டு ஆக்டிவ்னு போடுறாங்க. டிரஸ்ட்காரங்க ஆக்டிவா இருந்துட்டு பாசிவ்னு போடுறாங்க!

ஒரு கல்வி உதவி டிரஸ்ட்னு வச்சுக்கோங்க. வெளிநாட்டுல இருக்கிற ஊர்க்காரங்களும் சேர்ந்து கொடுத்த 60 லட்சம் எஃப்டி-ல இருக்கு. வட்டியில வருஷா வருஷம் பிள்ளைகளுக்கு ஃபீஸ் கட்டுறாங்க. வேற வருமானம் இல்லை. 50 சதவீதச் சோதனையில வச்சா 100 சதவீதம் பாசிவ். "வட்டி மட்டும்தானே வருது"ன்னு பாசிவ்ல டிக் அடிச்சிடுறாங்க. உடனே டிரஸ்டிகள் எல்லாரும் கட்டுப்படுத்தும் நபர்கள் ஆகிடுவாங்க. சிங்கப்பூர்ல இருக்கிற டிரஸ்டி பேர்ல அந்த 60 லட்சமும் ரிப்போர்ட் ஆகும். அதுல அவருக்கு ஒரு ரூபாய்கூட சொந்தம் இல்லை!

தர்ம அமைப்புகளுக்குத் தனி வழி இருக்கு. கீழ இருக்கிற அஞ்சும் பொருந்தினா, வருமானம் முழுக்க வட்டியா இருந்தாலும் அது ஆக்டிவ்:

1. இந்தியாவுல மதம், தர்மம், கல்வி, கலை, அறிவியல், விளையாட்டு மாதிரி நோக்கத்துக்காக மட்டுமே நிறுவி நடத்தணும்.
2. இங்க வருமான வரி விலக்கு இருக்கணும்.
3. வருமானத்துலயோ சொத்துலயோ உரிமை உள்ள பங்குதாரர், உறுப்பினர் யாரும் இருக்கக்கூடாது.
4. தர்ம காரியம், செஞ்ச வேலைக்கு நியாயமான கூலி, வாங்கின பொருளுக்குச் சந்தை விலை, இது தவிர தனி ஆளுக்குப் பணம் போகக்கூடாது.
5. அமைப்பைக் கலைச்சா சொத்து அரசுக்கோ இன்னொரு தர்ம அமைப்புக்கோ போகணும்.

நடைமுறையில ரெண்டாவதும் அஞ்சாவதும்தான் காலை வாருது. 1 ஏப்ரல் 2021 முதல் டிரஸ்ட்டுக்கு நிரந்தர வரி விலக்குப் பதிவுங்கறதே கிடையாது. 12ஏபி பதிவைக் காலம் முடியறதுக்குள்ள புதுப்பிக்கணும். "எங்க தாத்தா காலத்துலயே பதிவு பண்ணியாச்சு"ன்னு சொன்னா செல்லாது. பழைய டிரஸ்ட் பத்திரங்கள் பலதுல கலைப்பு பத்தின வரியே இருக்காது. ஃபார்ம் கொடுக்கறதுக்கு முன்னாடி பத்திரத்தை எடுத்து ஒரு தடவை முழுசா படிங்க. அந்த வரி இல்லைன்னா ஆடிட்டரையும் வக்கீலையும் பாருங்க.

குடும்ப டிரஸ்ட் வேற. தாத்தா சொத்தை டிரஸ்ட் ஆக்கி, வாடகை வருமானம் பேரன் பேத்திகளுக்குன்னு எழுதி வச்சா, அது தர்மம் ஆகாது. குடும்ப வாரிசுகளுக்கு வருமானம் போற வக்ஃபுக்கும் இந்தத் தர்ம வழி பொருந்தாது. 1913-லயே தனிச் சட்டம் போட்டு அப்படிப்பட்ட வக்ஃபை செல்லுபடியாக்கி இருக்காங்க. ஆனா செல்லுபடியாகறது வேற, வரி ரிப்போர்ட்ல தர்ம அமைப்பா கணக்காகறது வேற. வாடகையும் வட்டியும்தான் வருமானம்னா இவை பாசிவ் பக்கம்தான். டிரஸ்ட்டை எழுதி வச்சவர், டிரஸ்டி, பலன் பெறுறவர்னு எல்லாரையும் பாப்பாங்க. அந்தப் பேரன் நீங்களா இருந்து, இப்போ ஆன்சைட்ல வெளிநாட்டு ரெசிடென்ட் ஆகிட்டீங்கன்னா, உங்க பேரும் வரும்.

உங்க ஸ்டார்ட்-அப், உங்க சேனல்

ரெண்டு நண்பர்களோட சேர்ந்து சைடுல பிரைவேட் லிமிடெட் ஆரம்பிச்சிருக்கீங்களா? இன்னும் விற்பனை இல்லை, முதலீடு எஃப்டி-ல இருக்கு, வட்டி மட்டும் வருது. பயப்பட வேண்டாம். புதுசா ஆரம்பிச்ச, முன்னாடி எந்தத் தொழிலும் பண்ணாத நிறுவனம், நிதி அல்லாத தொழில் தொடங்குற எண்ணத்தோட முதலீடு பண்ணிட்டிருந்தா, ஆரம்பிச்ச நாள்ல இருந்து 24 மாசம் வரைக்கும் ஆக்டிவ்தான். 25-வது மாசத்துல நிலைமை அப்படியே இருந்தா இந்தச் சலுகை இல்லை. 10 சதவீதத்துக்கு மேல ஷேர் வச்சிருக்கிற நண்பர் எச்1பி விசாவுல போய் அமெரிக்க வரி ரெசிடென்ட் ஆகியிருந்தா, அவர் பேர் போகும். காலண்டர்ல அந்த 24-வது மாசத்தைக் குறிச்சு வைங்க.

அமெரிக்க கிளையண்ட்டுக்கு வேலை செய்றவங்களும் யூடியூப் வருமானம் வர்றவங்களும் இதே கேள்வியை இன்னொரு ஃபார்ம்ல பாப்பீங்க. தனிநபர்னா டபிள்யூ-8பென். கம்பெனி பேர்ல பணம் வாங்கினா டபிள்யூ-8பென்-இ. ரெண்டாவதுல இதே ஆக்டிவ், பாசிவ் கேள்வி வரும். அங்கயும் சோதனை வருமானத்துல ஒண்ணு, சொத்துல ஒண்ணு.

திரும்பி வந்தவங்களுக்கு எதிர்த்திசை

இந்தத் தகவல் ஒருவழிப் பாதை இல்லை. சிங்கப்பூர்ல நாலு வருஷம் வேலை பாத்துட்டு சென்னைக்கு வந்து செட்டில் ஆகி, இங்க முழு ரெசிடென்ட் ஆகிட்டீங்கன்னா, அங்க விட்டுட்டு வந்த அக்கவுண்ட் விவரம் இங்க வரும். அங்க உறவினர் கம்பெனியில ஷேர் இருக்கா, குடும்ப டிரஸ்ட்ல பேர் இருக்கா, அக்கவுண்ட்ல கையெழுத்து உரிமை இருக்கா? எல்லாத்தையும் ஐடிஆர்-ல ஷெட்யூல் எஃப்ஏ-ல காட்டணும். ஐடிஆர்-1-ல அந்தப் பகுதியே கிடையாது, ஐடிஆர்-2 போகணும். காட்டாம விட்டா 2015 கறுப்புப் பணச் சட்டத்துல வருஷத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதம். 1 அக்டோபர் 2024 முதல், நிலம் வீடு தவிர்த்த வெளிநாட்டுச் சொத்து மொத்தம் 20 லட்சத்துக்குள்ள இருந்தா இந்த அபராதம் இல்லை. ஆனா காட்ட வேண்டிய கடமை அப்படியே இருக்கு.

ஃபார்ம் கையில வந்தா இதைப் பண்ணுங்க

- தனி உரிமையா, நிறுவனமா? தனி உரிமைன்னா இந்தக் கேள்வியே இல்லை.
- தர்ம அமைப்பா? 12ஏபி பதிவு எப்போ முடியுது, பத்திரத்துல கலைப்பு வரி இருக்கான்னு பாருங்க.
- முந்தைய நிதியாண்டு லாப நஷ்டக் கணக்கும் பேலன்ஸ் ஷீட்டும் ஆடிட்டர்கிட்ட வாங்குங்க. வருமானம் ஒரு சதவீதம், சொத்து ஒரு சதவீதம், ரெண்டையும் ஒரு தாள்ல எழுதி ஃபார்ம் நகலோட பின் பண்ணி வைங்க. நாளைக்கு யாராவது கேட்டா அதுதான் பதில்.
- 10 சதவீதத்துக்கு மேல பங்கு உள்ளவங்க யார், ஒவ்வொருத்தரும் எந்த நாட்டு வரி ரெசிடென்ட், வரி எண் என்னன்னு பட்டியல் போடுங்க. பாஸ்போர்ட் எந்த நாடுங்கறது வேற, வரி ரெசிடென்ட் எந்த நாடுங்கறது வேற.
- பாசிவ்னு வந்தா, வெளிநாட்டுல இருக்கிறவங்களுக்கு முதல்ல சொல்லிட்டு அப்புறம் கையெழுத்து வாங்குங்க.
- பெரிய நிலம் வித்தா, கடையை மூடினா, பார்ட்னர் நாடு மாறினா, டிக்கை மறுபடி பாருங்க.

சங்கரன்கோவில்லயோ கடையநல்லூர்லயோ கவுண்டர்ல இருக்கிறவங்க நம்ம ஊர்க்காரங்கதான். "எல்லாரும் ஆக்டிவ்னுதான் போடுவாங்க, போட்டுருங்க"ன்னு நல்ல மனசோடகூட சொல்லலாம். ஆனா கீழ கையெழுத்து அப்பாவோடது. ரிப்போர்ட்ல போற பேர் அண்ணனோடது. அரை மணி நேரம் பேலன்ஸ் ஷீட்டைப் பாத்துட்டு டிக் அடிங்க.

உங்க குடும்பக் கணக்குல எந்தச் சதவீதம் குழப்புதுன்னு கமெண்ட்ல எழுதுங்க. பேரோ அக்கவுண்ட் நம்பரோ போடாதீங்க, தொகையை மட்டும் போடுங்க. அடுத்த வீடியோல சேர்ந்து கணக்குப் போடுவோம்.